எதை மாற்ற விடக்கூடாது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்: திறமூல வணிக மென்பொருள் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வடிவமைப்பாளர்களுக்கும் பராமரிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

பேரேடு, விற்பனை, கொள்முதல், சரக்கிருப்பு என ஒரு நிறுவனத்தின் அன்றாட வேலை முழுவதையும் தாங்கும் திறமூல மென்பொருளை நீங்கள் எழுதுகிறீர்கள். அதை நிறுவி, அந்தந்த நிறுவனத்துக்கு ஏற்ப மாற்றி, பதிப்பு மாறும்போதெல்லாம் உடைந்ததைச் சரிசெய்து பராமரிக்கும் வேலை எங்களுடையது. ஆகவே உங்கள் வடிவமைப்பில் எது தாங்குகிறது, எது விரிசல் விடுகிறது என்பது எங்களுக்குத் தெரியும்.

"எந்தத் தொழிலுக்கும் பொருந்தும், எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்" என்பதுதான் இத்தகைய திட்டங்கள் பலவும் முதலில் தரும் வாக்குறுதி. மாற்ற முடிவது நல்லதுதான். ஆனால் எல்லாவற்றையும் மாற்றலாம் என்று விட்டுவிட்டால், அந்த மென்பொருள் காட்டும் எந்த எண்ணையும் நம்ப முடியாமல் போகும். எங்கள் கோரிக்கை இதுதான்: யாருமே மாற்றக்கூடாதவை எவை என்று முதலில் வரையறுத்து, அவற்றைத் தரவுத்தள மட்டத்திலேயே பூட்டுங்கள். அதன்பின் மற்றவற்றைத் தாராளமாகத் திறந்துவிடுங்கள். இந்த வரிசை தலைகீழாகப் போனால் எங்கெங்கே என்னென்ன கெடுகிறது என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

பணமும் எண்ணும்

தொகைகளை ஃப்ளோட் என்ற தோராயமான இரும வகை எண்ணாகச் சேமிக்கும் திட்டங்கள் இன்னும் இருக்கின்றன. 0.1-ஐயும் 0.2-ஐயும் அப்படிக் கூட்டினால் 0.30000000000000004 வரும், ஏனென்றால் 0.1 என்ற பின்னத்தை இரும எண்முறையில் துல்லியமாக எழுத முடியாது. ஒரு பில்லில் இது கண்ணுக்குத் தெரியாது. சிக்கல் வருவது ஒப்பிடும் இடத்தில். வாடிக்கையாளர் முழுத் தொகையையும் மூன்று தவணையில் கட்டி முடித்திருப்பார். "மீதி பூஜ்யமா?" என்று நிரல் கேட்கும். மீதி 0.00000000000004 என்று இருப்பதால் பில் "நிலுவை" என்றே நிற்கும், நினைவூட்டல் கடிதமும் போகும். தரவுத்தளத்தில் தசமத்தைத் துல்லியமாகச் சேமிக்கும் டெசிமல் வகையைப் பயன்படுத்திவிட்டால் மட்டும் போதாது. தொகை ஜேசான் என்ற தரவு வடிவத்தில் பிரௌசருக்குப் போகும்போது ஜாவாஸ்கிரிப்ட் அதை மறுபடி ஃப்ளோட் ஆக்கிவிடுகிறது. தொகையை எழுத்துச் சரமாக அனுப்புங்கள். கணக்கைச் சர்வரிலேயே செய்யுங்கள். திரையில் தெரிவது முன்னோட்டம் மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா நாணயத்துக்கும் இரண்டு தசம இடம் என்று நிரலில் எழுதிவைப்பது அடுத்த தவறு. ஐஎஸ்ஓ 4217 என்ற நாணயக் குறியீட்டுப் பட்டியலில் ஜப்பானிய யென்னுக்குத் தசமமே இல்லை. குவைத் தினாருக்கு மூன்று இடம். இது நாணயத்தின் பண்பு, நிரலின் மாறிலி அல்ல. அலகு விலை, அளவு, தொகை, மாற்று விகிதம் ஆகிய நான்குக்கும் தனித்தனித் துல்லியம் வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்கும் திருகாணியின் அலகு விலைக்கு நான்கைந்து தசம இடம் தேவைப்படும். மொத்தத் தொகைக்கு நாணயம் அனுமதிக்கும் இடங்கள் மட்டும்.

தசம இடங்களைச் சுருக்கும் முழுமையாக்கலை எந்த இடத்தில் செய்கிறீர்கள் என்பதை எழுத்தில் சொல்லுங்கள். ஒரு பில்லில் 33.32 விலையுள்ள மூன்று பொருள்கள், வரி 5 விழுக்காடு என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் வரி 1.666, தனித்தனியே முழுமையாக்கினால் 1.67, மூன்றும் சேர்ந்து 5.01. மொத்தம் 99.96-க்கு வரி போட்டால் 4.998, அதாவது 5.00. இரண்டுமே சரியான முறைகள்தான். எது செல்லும் என்பது நாட்டுக்கு நாடு, சில நேரம் வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் மாறும். எனவே இது அமைப்பில் தேர்ந்தெடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். கூடவே, எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பது அந்தந்த பில்லிலேயே சேமிக்கப்பட வேண்டும். இல்லையென்றால் நாளை யாரோ அமைப்பை மாற்றியதும் பழைய பில்களை மறுபடி அச்சிடும்போது 0.01 கூடியோ குறைந்தோ வரும். கணக்காளர் அதைத் தேடி அரை நாளைத் தொலைப்பார்.

பங்கிடும்போதும் இதே கதை. 100-ஐ மூன்று செலவு மையங்களுக்குப் பிரித்தால் 33.33 வீதம் 99.99 வரும். மிச்சமுள்ள 0.01 எந்தப் பங்குக்குப் போகும் என்பதற்கு நிலையான விதி வேண்டும். கடைசிப் பங்குக்கு, அல்லது மிகப்பெரிய பங்குக்கு, எதுவானாலும் சரி. ஒவ்வொரு முறையும் ஒரே விடை வர வேண்டும்.

அலகு மாற்றத்துக்குத் தசமத்தைப் பயன்படுத்தாதீர்கள். பன்னிரண்டு உள்ள பெட்டியில் ஒன்றை 0.0833 பெட்டி என்று சேமித்தால், பன்னிரண்டும் விற்று முடித்த பிறகு 0.0004 பெட்டி இருப்பில் நிற்கும். பின்னத்தின் மேல் எண், கீழ் எண் என இரண்டு முழு எண்களாகச் சேமியுங்கள். இருப்பை எப்போதும் மிகச் சிறிய அலகில் வையுங்கள்.

பேரேட்டைப் பூட்டுங்கள்

இரட்டைப் பதிவு முறையை லூக்கா பச்சோலி 1494-இல் அச்சில் விளக்கினார். பற்றும் வரவும் சமம் என்ற அந்த ஒரு விதியை நிரலின் ஏதோ ஒரு செயற்கூற்றில் மட்டும் சோதிப்பது ஏன் போதாது? தரவு உள்ளே வரும் வழிகள் பல: திரை, பிற மென்பொருள்கள் இணையும் ஏபிஐ, சிஎஸ்வி என்ற உரைக்கோப்பு இறக்குமதி, யாரோ கூடுதலாக எழுதிச் சேர்த்த செருகுநிரல், அவசரத்துக்கு ஓட்டிய ஸ்கிரிப்ட். இவற்றில் ஒன்று சோதனையைத் தாண்டிவிட்டால் இருப்பாய்வு ஒத்துப்போகாது. எப்போது கெட்டது என்றும் தெரியாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், முழுவதும் பதியும் அல்லது முழுவதும் ரத்தாகும் வேலைத் தொகுதியான டிரான்ஸாக்‌ஷன் முடியும் தறுவாயில் ஓடும்படி தள்ளிவைக்கக்கூடிய கட்டுப்பாட்டு டிரிகர் (தானாக ஓடும் சோதனை) இருக்கிறது. ஒரு பதிவின் எல்லாப் பகுதிகளும் உள்ளே வந்த பிறகு கூட்டிப் பார்த்து, சமமில்லையென்றால் முழுவதையும் நிராகரிக்க அது போதும்.

கணக்கில் ஏற்றிய ஆவணத்தைத் திருத்தவும் அழிக்கவும் கூடாது. வரைவு, ஏற்றியது, எதிர்ப்பதிவு செய்தது (அதே தொகையை எதிர்த்திசையில் பதிந்து ரத்தாக்கியது) என்ற மூன்று நிலைகள் போதும். "எழுத்துப்பிழைக்கெல்லாம் எதிர்ப்பதிவா?" என்று பயனர்கள் கோபப்படுவார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதற்கு விடை திருத்தும் பொத்தான் அல்ல. எதிர்ப்பதிவு போட்டு, அதே விவரங்களுடன் புதிய வரைவைத் திறந்து தரும் ஒரே பொத்தான். குறிப்பு, தொடர்பு எண், கூரியர் எண் போலக் கணக்கைத் தொடாத புலங்களை மட்டும் ஏற்றிய பிறகும் திருத்தலாம் என்று விதிவிலக்குப் பட்டியலில் வையுங்கள். அந்தப் பட்டியலை நிறுவனம் சுருக்கலாம். தொகை, கணக்கு, தேதி ஆகியவற்றை அதில் சேர்க்க முடியாதபடி நிரல் தடுக்க வேண்டும்.

வாடிக்கையாளரின் முகவரி, பொருளின் பெயர், வரி விகிதம் ஆகியவற்றைப் பில்லுக்குள் நகலெடுத்து வையுங்கள். வெறும் சுட்டியை மட்டும் வைத்தால், வாடிக்கையாளர் இடம் மாறியதும் மூன்று ஆண்டு பழைய பில் புதிய முகவரியுடன் அச்சாகும். தணிக்கையில் அது போலி ஆவணம் போலவே தெரியும்.

வரிசை எண்ணைப் பற்றி ஒன்று. தரவுத்தளம் தரும் சீக்வென்ஸ் என்ற தானியங்கி எண் வழங்கி, விட்டுப்போகாத எண்களைத் தராது. டிரான்ஸாக்‌ஷன் ரத்தானாலும் எடுத்த எண் திரும்ப வராது என்பதால் 101-க்குப் பிறகு 103 வரும். இடைவெளியில்லாத எண் சட்டப்படி தேவைப்படும் இடங்களில் இது பெரிய பிரச்சினை. தீர்வு: வரைவுக்கு எண் கொடுக்காதீர்கள். கணக்கில் ஏற்றும் கணத்தில், எண்ணி வைத்திருக்கும் அட்டவணையின் ஒரு வரிசையைப் பூட்டி, எண்ணை ஒன்று கூட்டி, அதே டிரான்ஸாக்‌ஷனில் பில்லோடு சேமியுங்கள். வேகம் சற்றுக் குறையும். அதனால் எந்தத் தொடருக்கு இடைவெளியற்ற எண் வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். உள் வேலைக்கான குறிப்புகளுக்கு அது தேவையில்லை.

தேதிகளில் மூன்று வகை உண்டு: ஆவணத் தேதி, கணக்கில் ஏறும் தேதி, கணினியில் பதிந்த நேரம். முதல் இரண்டும் வெறும் தேதிகள். அவற்றை நேரத்தோடு யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சேமித்தால், சர்வரும் பயனரும் வேறு வேறு நேர மண்டலத்தில் இருக்கும்போது மாதத்தின் முதல் நாள் காலையில் போட்ட பில் முந்தைய மாதத்தில் போய் விழும். மூன்றாவது மட்டும்தான் நேர முத்திரை. அதை யாரும் தொடக்கூடாது. காலப் பகுதியை மூடும் பூட்டையும் ஒரே சாவியாக வைக்காதீர்கள். விற்பனையை 3-ஆம் தேதியும் கொள்முதலை 7-ஆம் தேதியும் பேரேட்டை 10-ஆம் தேதியும் மூடுவதுதான் கணக்குப் பிரிவுகளின் வழக்கம்.

சரக்கிருப்பு: மிக அதிகமாகக் கெடும் இடம்

இருப்பு எண்ணிக்கையை ஒரு புலமாக வைத்து, விற்றால் கழித்து வாங்கினால் கூட்டும் வடிவமைப்பை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு அசைவும் அழிக்க முடியாத ஒரு பதிவாக இருக்க வேண்டும். இருப்பு என்பது அவற்றின் கூட்டல். வேகத்துக்காகக் கூட்டுத்தொகையைத் தனியே சேமித்துவைக்கலாம். ஆனால் அசைவுகளிலிருந்து அதை மறுபடி கட்டியெழுப்பும் கட்டளையும், இரண்டையும் ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும் அறிக்கையும் கூடவே வர வேண்டும்.

எதிர்மறை இருப்பை அனுமதிக்கச் சொல்லிப் பயனர்கள் கேட்பார்கள், ஏனென்றால் சரக்கு கையில் இருக்கும், வரவு பதியப்பட்டிருக்காது. அனுமதித்தால் நகரும் சராசரி (ஒவ்வொரு வரவுக்குப் பின்னும் மறுபடி கணக்கிடும் சராசரி அடக்க விலை) என்ன ஆகிறது என்று பாருங்கள். 100 வீதம் 10 உருப்படிகள், மதிப்பு 1000. பன்னிரண்டு விற்கிறார்கள். அடக்க விலை 100 வீதம் 1200 கழிகிறது. இருப்பு -2, மதிப்பு -200. பிறகு 130 வீதம் 10 உருப்படிகள் வருகின்றன. இருப்பு 8, மதிப்பு 1300-இல் 200 போக 1100. சராசரி 137.50. அந்தப் பொருளை யாரும் 137.50-க்கு வாங்கியதே இல்லை! கையிலிருக்கும் எட்டின் உண்மை மதிப்பு 1040. மிகையாக நிற்கும் 60 என்பது, முன்கூட்டி விற்ற இரண்டுக்கும் அடக்கத்தை 30 வீதம் குறைத்துப் போட்டதன் விளைவு. லாபம் அன்றைக்குக் கூடுதலாகத் தெரிந்தது; இனி வரும் விற்பனைகளில் குறைவாகத் தெரியும். வரவு பதியப்படும்போது இந்த 60-ஐக் கணக்கிட்டு, விற்ற சரக்கின் அடக்கத்திலோ தனி வேறுபாட்டுக் கணக்கிலோ ஏற்றும் வழியை எழுதாத வரை, எதிர்மறை இருப்பை அனுமதிக்கும் தேர்வையே திரையில் வைக்காதீர்கள். எழுதிய பிறகும் அது தொடக்கத்தில் அணைந்தே இருக்கட்டும்.

முன்தேதியிட்ட பதிவும் இதே வகைதான். போன மாத 5-ஆம் தேதிக்கு ஒரு வரவை இன்று பதிந்தால், அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பொருளின் எல்லா அசைவுகளுக்கும் அடக்கம் மாறும். அவற்றைத் தொடர்ந்து பேரேட்டுப் பதிவுகளும் மாற வேண்டும். இடையில் மூடிய மாதம் இருந்தால்? பல மென்பொருள்கள் பின்னணியில் மறுகணக்கீடு ஓட்டி, மூடிய மாதத்தின் எண்களையும் சத்தமில்லாமல் மாற்றிவிடுகின்றன. அப்படிச் செய்யாதீர்கள். மூடிய காலத்துக்கு உரிய வேறுபாட்டைத் திறந்திருக்கும் முதல் நாளில் சரிக்கட்டுப் பதிவாகப் போடுங்கள். அதோடு மூல ஆவணத்துக்கு இணைப்பும் வையுங்கள்.

கடைசி உருப்படியை இருவர் ஒரே நேரத்தில் விற்கும் நிலைக்கு, ஒருவர் முடிக்கும் வரை மற்றவரைக் காக்க வைக்கும் பூட்டு அவசியம். பலர் பூட்டைப் போடுகிறார்கள், வரிசையை மறக்கிறார்கள். ஒருவரின் பில்லில் அ, ஆ என்றும் இன்னொருவரின் பில்லில் ஆ, அ என்றும் பொருள்கள் இருந்தால், இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்துக்கொண்டு முட்டி நிற்பார்கள். தரவுத்தளம் ஒருவரைத் தூக்கி எறியும். பூட்டும் முன் பொருள்களை அடையாள எண் வரிசையில் அடுக்கிவிட்டால் இது வராது. இரண்டு வரி நிரல்தான்.

"சமர்ப்பி" பொத்தானை இருமுறை அழுத்துவதால் இரண்டு பில் உருவாகும் கோளாறையும் சேர்த்துச் சொல்கிறோம். படிவம் திறக்கும்போதே ஒரு தனி அடையாளத்தை உருவாக்கி, அதன்மேல் தரவுத்தளத்தில் தனித்தன்மைக் கட்டுப்பாடு வையுங்கள். பொத்தானை மங்கலாக்குவது மட்டும் உதவாது. வலையிணைப்பு அறுந்து மறுமுயற்சி போகும்போது அதே கோளாறு திரும்ப வரும்.

இனித் திறந்துவிட வேண்டியவை

பூட்ட வேண்டியதைப் பூட்டிய பிறகு, நிறுவனங்கள் உண்மையில் மாற்றக் கேட்பவை பெரும்பாலும் நான்குதான்: கூடுதல் புலங்கள், ஒப்புதல் படிநிலை, அச்சு வடிவம், அறிக்கை. இவற்றை நிரல் எழுதாமல் மாற்ற முடிய வேண்டும்.

கூடுதல் புலங்களைச் சேமிக்கப் பலருக்கும் முதலில் தோன்றும் வழி, "எந்த ஆவணம், எந்தப் புலம், என்ன மதிப்பு" என்று ஒவ்வொரு மதிப்பையும் ஒரு வரிசையாக அடுக்கும் பொது அட்டவணை. தொடக்கத்தில் சுலபம். பன்னிரண்டு கூடுதல் புலங்கள் கொண்ட அறிக்கைக்குப் பன்னிரண்டு இணைப்புகள் வேண்டியிருக்கும்போது வேகம் விழும். எல்லா மதிப்பும் எழுத்தாக இருப்பதால் 10 என்பது 9-க்கு முன்னால் வரும். தேதிப் புலத்தில் "நாளை" என்று தட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். உண்மையான நெடுவரிசையாகச் சேருங்கள். ஒடூ, ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற வணிக மென்பொருள்கள் இந்த வழியில்தான் போகின்றன. வகைச் சோதனையும், தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸும் இயல்பாகக் கிடைக்கும்.

அதற்கும் எல்லை உண்டு. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஒரு வரிசையின் அளவு 65,535 பைட்டைத் தாண்டக் கூடாது. எல்லா மொழி எழுத்தும் அடங்கும் நான்கு பைட் குறிமுறையில் 140 எழுத்துப் புலம் ஒன்று, நீளத்தைக் குறிக்கும் 2 பைட்டையும் சேர்த்து, 562 பைட் கணக்கில் போகும். நூற்றுப் பதினாறு புலங்களோடு இடம் முடிந்துவிடும். மூலத் திட்டமே எண்பது புலங்களை எடுத்துக்கொண்டிருந்தால் நிறுவனத்துக்கு மிஞ்சுவது முப்பத்தாறு. போஸ்ட்கிரெஸில் ஓர் அட்டவணைக்கு அதிகபட்சம் 1600 நெடுவரிசைகள்; நீக்கிய நெடுவரிசையும் அந்தக் கணக்கில் நிற்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே கூடுதல் புலங்களை ஒவ்வோர் ஆவண வகைக்கும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தும் துணை அட்டவணையில் வையுங்கள். மேம்படுத்தலின்போது மூல அட்டவணை சுத்தமாக இருக்கும் என்பது கூடுதல் பயன். சேமித்துக் காட்டினால் மட்டும் போதும், தேடவோ கூட்டவோ தேவையில்லை என்ற புலங்களுக்கு, போஸ்ட்கிரெஸில் 2014 முதல் உள்ள, பல புலங்களை ஒரே நெடுவரிசையில் அடக்கும் ஜேசான்பி வகை ஏற்றது.

பெயர் மோதலுக்கும் வழி வேண்டும். பயனர் சேர்க்கும் புலத்தின் பெயர் ஒரு குறிப்பிட்ட முன்னொட்டோடுதான் தொடங்க வேண்டும் என்று ஒடூ வைத்திருக்கும் விதி சிறியது, ஆனால் மிகவும் உதவுவது. அது இல்லாத திட்டங்களில், நிறுவனம் சேர்த்த புலத்தின் பெயரிலேயே அடுத்த பதிப்பில் மூலத் திட்டம் வேறு பொருளில் ஒரு புலத்தைக் கொண்டுவரும். மேம்படுத்தல் நடுவழியில் நிற்கும்.

பெரும்பாலான திட்டங்களில் காணாத ஒன்று: ஆர்டரில் சேர்த்த கூடுதல் புலம், டெலிவரி, பில், பேரேட்டுப் பதிவு என்று தொடர்ந்து பயணிக்கும் வழி. திட்ட எண், கிளை, வாகன எண் போன்றவற்றைச் சேர்ப்பதே கடைசியில் அதன்படி லாப நட்டம் பார்க்கத்தான். புலத்தை வரையறுக்கும் அதே திரையில் "எங்கெல்லாம் கடத்த வேண்டும்" என்று குறிக்க வழி கொடுத்தால், எங்களைப் போன்றோர் எழுதும் செருகுநிரல்களில் பெரும் பகுதி தேவையற்றதாகிவிடும்.

ஆம், இல்லை என்ற அமைப்புச் சாவிகளைக் குறையுங்கள். முப்பது சாவிகள் இருந்தால் சேர்மானங்கள் 107 கோடிக்கு மேல். அவற்றில் நீங்கள் சோதிப்பவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. கருத்து வேறுபாட்டைத் தீர்க்க முடியாமல் "ஒரு சாவியாக வைத்துவிடுவோம்" என்று முடிக்கும் ஒவ்வொரு விவாதமும் அந்தச் சுமையை எங்கள் தலையில் இறக்குகிறது.

விதிகளைத் திரையிலேயே அமைக்கும் வசதியில் எல்லை எது? "தொகை இவ்வளவுக்கு மேல் என்றால் இவர் ஒப்புதல்" என்ற அளவில் அது அருமை. அதில் மாறிகளும் சுற்றுகளும் நுழைந்ததும் சோதனையும் பதிப்புக் கட்டுப்பாடும் பிழைதேடும் கருவியும் இல்லாத ஒரு நிரல்மொழியாகிவிடுகிறது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, நிரலுக்கு முறையான வாசலைத் திறவுங்கள்.

அந்த வாசலுக்கு நாங்கள் கேட்பவை: மூலச் செயற்கூறுகளை மேலெழுதும் முறையை ஊக்குவிக்காதீர்கள். இரண்டு செருகுநிரல்கள் ஒரே செயற்கூற்றை மேலெழுதினால் கடைசியாக ஏறியது வெல்லும். முதலாவது எழுதியவருக்கு ஏன் தன் நிரல் ஓடவில்லை என்றே தெரியாது. "சரிபார்க்கும் முன்", "கணக்கில் ஏற்றிய பின்" போன்ற நிகழ்வுகளை வையுங்கள். பலரும் அதில் சேர, வரிசை எண்ணும் குறிக்க வழி இருக்கட்டும். அந்த நிகழ்வுகள் டிரான்ஸாக்‌ஷனுக்கு உள்ளே ஓடுகின்றனவா வெளியேவா என்பதை ஆவணத்தில் எழுதுங்கள். உள்ளே ஓடும் நிகழ்விலிருந்து மின்னஞ்சல் அனுப்பினால், பின்னால் டிரான்ஸாக்‌ஷன் ரத்தாகும்; பில் இருக்காது, மின்னஞ்சல் மட்டும் வாடிக்கையாளர் கையில் இருக்கும். அனுப்ப வேண்டியதை அதே டிரான்ஸாக்‌ஷனில் ஒரு வெளியனுப்பு அட்டவணையில் எழுதி, முடிந்த பின் வேறொரு செயல்முறை அதை எடுத்து அனுப்புவதே சரி. அந்த அட்டவணையை மூலத் திட்டமே தரட்டும்; ஒவ்வொரு செருகுநிரலும் தனித்தனியே எழுதினால் பாதிப்பேர் தவறாக எழுதுவார்கள்.

திரையில் செய்த மாற்றங்கள் அனைத்தையும் உரைக் கோப்புகளாக வெளியே எடுக்க முடிய வேண்டும். இல்லையென்றால் அவை நேரடிச் சர்வரின் தரவுத்தளத்துக்குள் மட்டும் வாழும். சோதனைச் சர்வரில் செய்ததை மறுபடி கையால் தட்டச்சு செய்து நேரடிச் சர்வரில் ஏற்றுவார்கள், ஏதோ ஒன்று விட்டுப்போகும். ஈஆர்பிநெக்ஸ்ட் கட்டப்பட்டுள்ள ஃப்ராப்பே சட்டகத்தில் கூடுதல் புலங்களைக் கோப்பாக எடுத்துக் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் வைக்க வழி இருக்கிறது. ஒப்புதல் படிநிலை, அச்சு வடிவம், அனுமதி எல்லாவற்றுக்கும் இது எல்லாத் திட்டங்களிலும் வேண்டும்.

அனுமதிகளைப் பற்றிச் சுருக்கமாக: சோதனை சர்வரில் நடக்கட்டும், பொத்தானை மறைப்பது பாதுகாப்பல்ல. அறிக்கை, ஏற்றுமதி, தானாக நிரப்பும் தேடல் பெட்டி ஆகிய மூன்றிலும் அதே சோதனை ஓட வேண்டும். கசிவு பெரும்பாலும் இந்த மூன்றில்தான். நமக்குச் சரக்கு தரும் விற்பனையாளரின் கணக்கைத் திறப்பவரும் அவருக்குப் பணம் விடுவிப்பவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்பது போன்ற விதிகளை அமைக்கவும், மீறும் பயனர்களைப் பட்டியலிடவும் வழி வேண்டும்.

நாற்பது பொருள்கள் கொண்ட பில்லை மவுஸைத் தொடாமல் தட்டி முடிக்க முடிகிறதா என்று ஒவ்வொரு பதிப்பிலும் ஒருமுறை பாருங்கள். ஆளின் பெயருக்கு ஒரே புலம் போதும். குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கினால் அது இல்லாதவர்கள் புள்ளி வைத்து நிரப்புவார்கள். தொலைபேசி எண்ணும் அஞ்சல் குறியீடும் எழுத்துச் சரங்களே. யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு குறிகளாகவும் மூன்று குறிகளாகவும் சேமிக்க முடியும். உள்ளே வரும் உரையை ஒரே வடிவத்துக்குச் சீர்படுத்தாவிட்டால் பட்டியலில் கண்முன்னே இருக்கும் பெயர் தேடலில் கிடைக்காது.

உள்ளே வரவும் வெளியே போகவும்

பழைய கணக்கை உள்ளே கொண்டுவருவது முதல் மாத வேலையில் பெரும் பகுதி. சிஎஸ்வி கோப்பை எக்ஸெல்லில் திறந்து சேமித்தாலே முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும். அது 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும் என்பதால், 16 இலக்க எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகும். 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்று கோப்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. இறக்குமதிக் கருவி தேதி வடிவத்தைக் கேட்டு வாங்கட்டும், ஊகிக்க வேண்டாம். எதையும் எழுதாமல் ஒத்திகை பார்த்து, எந்த வரிசையில் எந்தப் புலம் ஏன் தவறு என்று எல்லாப் பிழைகளையும் ஒரே பட்டியலாகத் தரட்டும். ஒரு பிழையைக் காட்டி நின்றுவிடும் கருவியால் ஒரு நாள் வேலை ஒரு வாரமாகிறது. பழைய அமைப்பின் அடையாள எண்ணை ஒவ்வொரு பதிவோடும் சேமித்தால், அதே கோப்பை மறுபடி ஏற்றினாலும் இரட்டிப்பாகாது.

வெளியே போகும் வழியும் அதே அளவு முழுமையாக இருக்க வேண்டும். எல்லா ஆவணங்களும், இணைப்புக் கோப்புகளும், யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறும், பொருள் விளங்கும் பெயர்களோடு வெளியே வர வேண்டும். திறமூலம் என்பதாலேயே இது கிடைத்துவிடாது. இருநூறு அட்டவணைகளின் தொடர்பை நிரலைப் படித்துத்தான் அறிய வேண்டும் என்றால் தரவு சிறைப்பட்டதே.

மேம்படுத்தலும் உரிமமும்

ஒரு நிறுவனம் நான்கைந்து பெரிய பதிப்புகள் பின்தங்கிப் போவது சோம்பலால் அல்ல. தன் மாற்றங்கள் உடையும் என்ற பயத்தால். பெயர் மாறும் புலத்தை ஒரே பதிப்பில் நீக்காதீர்கள். முதல் பதிப்பில் புதியதைச் சேர்த்து இரண்டிலும் எழுதுங்கள், பழையதைத் தொட்டால் எச்சரிக்கை பதியுங்கள். அடுத்த பெரிய பதிப்பில் நீக்குங்கள். மேம்படுத்தும் முன் ஓட்டக்கூடிய ஒரு சோதனைக் கருவி, எந்தெந்தச் செருகுநிரல், அச்சு வடிவம், அறிக்கை நீக்கப்படவிருக்கும் புலத்தைத் தொடுகிறது என்று காட்டட்டும். மேம்படுத்தலுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் ஒவ்வொரு பொருளின் மதிப்பையும் எடுத்து ஒப்பிடும் அறிக்கையும் வேண்டும். பேக்கப் எடுக்கும் கட்டளையோடு நிற்காமல், அதை வேறொரு தரவுத்தளத்தில் மீட்டு இதே ஒப்பீட்டை ஓட்டும் கட்டளையையும் கொடுங்கள்.

ஒரு திட்டத்தின் நிரலை எடுத்து வேறொரு குழு தனித் திட்டமாக வளர்த்த, அதாவது கிளை பிரிந்த கதைகள் இந்தத் துறையில் உங்களுக்குத் தெரிந்தவை. கம்பியர் என்ற வணிக மென்பொருளிலிருந்து 2006-இல் அடெம்பியர் பிரிந்தது. பின்னாளில் ஒடூ எனப் பெயர் மாறிய டைனிஈஆர்பியிலிருந்து 2008-இல் ட்ரைட்டன் பிரிந்தது. ஒவ்வொரு பிரிவிலும் நிறுவனங்கள் எந்தப் பக்கம் போவது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வருமானத்துக்குக் கட்டண வசதிகள் தேவைப்படலாம். அதில் எங்களுக்கு மறுப்பில்லை. பேரேடு, ஏற்றுமதி, மேம்படுத்தும் ஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும் எந்நாளும் கட்டணப் பகுதிக்குப் போகாது என்று மட்டும் எழுத்தில் உறுதி கொடுங்கள். ஒடூவின் கட்டணமில்லாச் சமூகப் பதிப்புக்கு மேம்படுத்தும் ஸ்கிரிப்டுகளைத் தன்னார்வலர்களே ஓப்பன்அப்கிரேட் என்ற பெயரில் எழுதிவருகிறார்கள். போற்ற வேண்டிய உழைப்பு அது. அந்த உழைப்பு மூலத் திட்டத்துக்குள்ளேயே நடக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

வரி முழுமையாக்கல், எதிர்மறை இருப்பு, முன்தேதியிட்ட வரவு, மூடிய மாதம், இருமுறை சமர்ப்பித்தல் ஆகியவற்றுக்கான சோதனைத் தரவையும் எதிர்பார்க்கும் விடைகளையும், எந்தத் திட்டமும் பயன்படுத்தக்கூடிய பொது வடிவில் எழுதித் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். உங்கள் களஞ்சியத்தில் அவற்றுக்கு ஓர் இடமும், தானியங்கிச் சோதனையில் சேர்த்துக்கொள்ளும் ஒப்புதலும் தெரிவியுங்கள். வேலையைத் தொடங்கிவிடுகிறோம்.

நன்றியுடன்,
திறமூல வணிக மென்பொருளை நிறுவிப் பராமரிப்போர்